பேரூர்க் கனகசபையும் ஊன்றிய திருவடியும்

கொங்குநாட்டுச் சிவாலயங்களுள் மேலைச் சிதம்பரம் எனப் போற்றப்படுவது பேரூர். கோயமுத்தூருக்கு மேற்கே, பண்டு காஞ்சியெனப் பெயர் வழங்கிய நொய்யலாற்றின் கரையில் பட்டிப்பெருமான் எழுந்தருளியுள்ள அத்திருக்கோயிலின் கனகசபை, 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபினராகிய அளகாத்திரி நாயக்கரால் எடுப்பிக்கப்பட்டது என்பர். ஊர்த்துவதாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையுரி போர்த்த பிரான், பிட்சாடனர், வீரபத்திரர், ஆனைமுகன், ஆறுமுகன் ஆகிய திருவுருவங்கள் அதன் பெருந்தூண்களில் நிற்கின்றன. மேல்விதானத்துக் கற்சங்கிலியை அண்ணாந்து நோக்கிக் கழுத்து நோவ நிற்பார் பலர். தூணிலுள்ள உருவங்களின் அடியை நோக்குவார் சிலரே. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்வடியே.

இத்தகைய ஆடற்சிற்பங்களின்மேல் இருதிறத்தார் குறை கூறக் கேட்டுள்ளோம். ஒருசார் அன்பர், ‘கோயிலுட் புக்கார்க்கு வழிபாடே வேண்டுவது, உருவின் வனப்பை நின்று நோக்கல் உலகியல்’ என்பர். மேனாட்டுச் சிற்பம் பயின்றார் சிலரோ, ‘எலும்பும் நரம்பும் தோன்றாத உடல் ஆடுவது எங்ஙனம்? நம் சிற்பியர்க்கு உடற்கூற்றறிவு இல்லை’ என்பர்.

பின்னையதற்கு விடை எளிது. கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடல்வல்லானது திருவுருவின் கீழ் அமர்ந்துள்ள காரைக்காலம்மையாரைக் காண்க. வற்றிய கொங்கையும், எண்ணத்தகும் விலாவெலும்பும் உடைய பேயுருவினர் அவர். ஒரே கல்லில் எலும்பெழுந்த உடலையும் எலும்பு தோன்றா உடலையும் அருகருகே அமைத்த கைக்கு, எலும்பு இருக்குமிடம் தெரியாதென்பது பொருந்துமா? அம்மையார் உடல் வினைவழி வந்த ஊனுடல். தவத்தால் அதனை வற்றச்செய்தார். இறைவன் திருமேனியோ மாயையின் ஆக்கமன்று, அருளே வடிவாவது. இவ்வேறுபாட்டைச் சித்தியார் சொல்லால் நிறுவ, சிற்பி உளியால் நிறுவினான். அறியாமை என்றது உண்மையில் கொள்கை.

இனி அவ்வுடல் ஆடுவது எங்ஙனம் என்பது. பிரெஞ்சு நாட்டுப் பெருஞ்சிற்பியாகிய ரோடின் என்பார், இயக்கமாவது ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குப் பெயர்தலே என்றும், அவ்விரு நிலைகளையும் ஓருடலிற் காட்டுவதே சிற்பியின் திறம் என்றும் கூறினார். அவர் வடித்த யோவானின் உருவம் நடப்பதாக இருந்தும் இரு பாதங்களும் நிலத்திற் படிந்திருத்தல் இதுபற்றியே. சென்னை அருங்காட்சியகத்து நடராசத் திருவுருவங்களின் நிழற்படங்களைக் கண்டு வியந்து அவர் எழுதிய கட்டுரை, 1917இல் அவர் மறைந்தபின் 1921இல் வெளிவந்தது. தசையும் எலும்பும் நன்கறிந்த அப்பெரியாரே நம் செப்புத்திருமேனிகளிற் குறை காணாது வியந்தனர் என்பதைக் குறை கூறுவார் நினைக்கத்தகும்.

ஆயினும் பேரூர்ச் சிற்பியின் வழி ரோடினின் வழியன்று. ஊர்த்துவதாண்டவரது ஓரடி நிலத்திலுளது. மற்றையது முடியளவும் சென்றது. ஒரு காலை அங்ஙனம் உயர்த்தினார்க்கு உடல் மறுபுறம் சாய்தல் இயற்கை, பயிலாதார் வீழ்வர். பயின்றார்க்கோ, உடலின் நிறை முழுதும் ஊன்றிய காலின்வழி ஒழுகி நிலத்திற் சென்று அடங்கும். சிற்பி காட்டியது அந்நிறையின் போக்கையே. ஈரிடத்து நிலைகளை அவன் இணைக்கவில்லை. இயக்கமனைத்தையும் தாங்கும் ஓரிடத்தைக் காட்டினான். மேலும் ஒன்று. இவ்வுருவம் நிற்பது தூணில். கூரையின் பாரத்தைத் தாங்கி அசையாது நிற்றலே தூணின் தொழில். அசையலாகாத கல்லிலே ஆடலை அமைத்தவன், தாங்குதலும் ஆடுதலும் ஒருங்கே நிகழுமெனக் காட்டிவிட்டான். செப்புத்திருமேனிக்கு இப்பேறு இல்லை.

மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில், துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், தீயில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், எடுத்த திருவடியில் அருளும் வைத்து ஐந்தொழிலை விளக்கினர். அவர் கூறியது ஆனந்தத் தாண்டவத்துக்கு. ஊர்த்துவத்துக்கும் அதனை ஏற்றியுரைத்தல் எம் கருத்தென்க. பேரூர்த் தூணின்முன் நிற்பார் கண் தூக்கிய திருவடிக்கே செல்லும். ஊன்றிய திருவடி அதனைத் தாங்கிக்கொண்டிருத்தலை மறந்துவிடும். மறைப்பின் இயல்பு அதுவேயன்றோ? திரோதானம் உலகைத் தாங்கிநின்றும், தான் தாங்குதலைத் தோன்றவிடாது. சூத்திரத்தால் கற்ற இதனை யாம் கண்ணாற் கண்டது அத்தூணிலேயாம்.

வீரபத்திரர் உருவங்கள் எமக்கு இத்துணை நிறைவு தந்தில. கைகளும் படைக்கலங்களும் அணிகளும் பெருகப் பெருக வேகம் மிகுவதாகத் தோன்றினும், நிறை எங்கே தாங்குகிறதென்பது அப்பெருக்கில் மங்குகிறது. நாயக்கர் காலத்துக்குப் பொதுவான மிகை இது.

முன்னையோர் கூறிய குறைக்கு வருவோம். உடலைப் பழித்தல் ஒன்றே சைவமாயின், தனுகரணங்களை உயிர்க்கு இறைவன் ஏன் அருளினான்? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தையும் அரனெனவே கொண்டு தொழுக என்றது. தூண் ஆலயத்துக்குப் புறம்பன்று. அப்பரடிகள் திருவங்கமாலையில் உறுப்புக்களை ஒவ்வொன்றாக விளித்து வழிபாட்டுக்கு அழைத்தனர். எடுத்த திருவடியைக் காணப்பெறின் மானுடப் பிறப்பும் விரும்பத்தக்கதே என்றும் பாடினர். தஞ்சைப் பெரியகோயிலின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81ஐ இறைவனே ஆடிக்காட்டுகிறான். எஞ்சியவற்றின் இடம் வெறுங்கல்லாக நிற்கின்றது. தில்லைக் கோபுரங்களிலோ அவற்றை ஆடுவார் மகளிர். காலை நெற்றியளவும் உயர்த்தும் இலலாடதிலகம் என்னுங் கரணமும் அவற்றுள் ஒன்று. நாணத்தாற் காளி தூக்காத காலை அங்கே ஆடன்மகளிர் தூக்கினர் என்பது சுவையான முரண். சிற்பியர் இறைவன் ஆடலைக் கற்றது ஆடுவார் உடலைக் கண்டே என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவ்வுடலை இழித்தால் அத்திருவுருவத்துக்கு அளவுகோல் ஏது?

பேரூர்த் தலவரலாற்றிலும் இறைவனது மேனி ஆடலோடு நில்லாது வேறு தொழிலும் புரிகின்றது. சுந்தரமூர்த்திகள் வருதலறிந்த பெருமான், அம்மையோடு உழவர் கோலங்கொண்டு வயலிற் சென்று நாற்று நட்டு மறைந்திருந்தார் என்பது அவ்வரலாறு. ஆனித் திங்களில் அந்நாற்று நடவு விழாவாக நடைபெறுகின்றது. அங்கும் அவர் புரிந்தது மறைப்பே. திருவடி ஊன்றியதோ சேற்றில்.