ஹாரியின் தோள் மேல்

எதிர் ஃபிளாட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முடித்த கையோடு வந்து, ‘அங்கிள், ரௌலிங் நம்மளை ஏமாத்திட்டாங்க. ஸ்நேப் கெட்டவர்னுதானே கடைசி வரைக்கும் நெனைச்சேன்!’ என்றாள். முதல் பாகத்தை (1997) எடுத்து வரச் சொன்னேன். (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க, ரகசியத்தை உடைக்கப் போகிறேன்.)

க்விடிச் ஆட்டம். ஆகாயத்தில் ஹாரியின் துடைப்பம் அவனை உதறித் தள்ளப் பார்க்கிறது. பெரும்பாலும் அவன் தோளில் உட்கார்ந்து அவன் பார்ப்பதை மட்டுமே சொல்லும் கதை, இங்கே சட்டென்று இறங்கி ஹெர்மயனியின் பின்னால் ஓடுகிறது. ஸ்நேப் ஹாரியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஏதோ முணுமுணுக்கிறார். ஹெர்மயனி போய் அவர் அங்கியில் தீ வைக்கிறாள். துடைப்பம் அடங்குகிறது. ஸ்நேப்தான் குற்றவாளி என்று நீங்களும் நானும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஆனால் போகிற அவசரத்தில் அவள் க்விரல் வாத்தியாரை இடித்துக் கவிழ்த்துவிட்டுப் போனதும் அங்கேயே அச்சில் இருக்கிறது. சூனியம் வைத்தவர் அவர்தான்! ஸ்நேப் முணுமுணுத்தது மாற்று மந்திரம். இதில் ஒரு வரி பொய் கிடையாது. கதை ஹாரியை விட்டு இறங்கினாலும், அவனைப் போலவே தப்பாக நினைக்கிற இன்னொருத்தியோடுதான் போகிறது. க்விரல் மண்டைக்குள் அரை வரி எட்டிப் பார்த்திருந்தால் கதை காலி.

ஹாரியே ‘நான்’ என்று சொல்லியிருந்தால் ‘சின்னப் பையன், கோபத்தில் பேசுகிறான்’ என்று சந்தேகப்பட்டிருப்போம். ‘அவன்’ என்றதும் கோர்ட் ரிக்கார்டு மாதிரி நம்பிவிடுகிறோம்.

ஆறாம் பாகத்தில் (2005) இரண்டாவது அத்தியாயத்தில் ஹாரி இல்லை. ஸ்நேப் தன் வீட்டில் சத்தியம் செய்து கொடுக்கிறார். பேசியது, செய்தது எல்லாம் உண்டு. நினைத்தது மட்டும் இல்லை. அதற்கு ஏழாம் பாகத்தில் (2007) அவர் செத்து, தன் ஞாபகங்களை ஹாரியிடம் விட்டுப்போக வேண்டியிருந்தது.

இந்த முறைக்கு விலையும் உண்டு. எல்லாச் சேதியும் ஹாரி வழியாகவே வர வேண்டும் என்பதால், பாவம், பையன் மாய அங்கியைப் போர்த்திக்கொண்டு ஒட்டுக் கேட்டே வளர்கிறான். நடையும் சுமார்தான். யாரும் சும்மா ‘சொல்வது’ கிடையாது. கோபமாக, மெதுவாக, வெடுக்கென்று சொல்கிறார்கள். இவற்றைச் சலித்தெடுத்தால் தடியான ஐந்தாம் பாகம் கொஞ்சம் இளைக்கும்.

பெண் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

‘அப்ப காப்பாத்திட்டிருந்தவர் மேலயா தீ வெச்சா?’