ஐந்து உயிரும் முத்துக்குளித்துறையும்

1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சாயிற்று. 'கார்த்தில்யா' எனப்படும் அந்நூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்துகளில் இருந்தன. தமிழ் அச்சு வரலாற்றில் அதன் இடம் உயர்ந்ததே. ஆனால் ஒலியைக் கற்பிக்கும் கருவியாக அது எவ்வளவு பயன்படும்?

ரோமன் வரிசையில் உயிருக்கு ஐந்தே எழுத்துகள். போர்த்துக்கேய மொழியில் குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. தமிழிலோ மாத்திரை மாறினால் பொருளே மாறும்: கல், கால், படு, பாடு. தனிக் குறியீடு இன்றி இவற்றை அவ்வெழுத்தில் பிரித்துக் காட்ட இயலாது.

புன்னைக்காயலில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் மக்களோடு பழகித் தமிழ் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. இது பெரிய முன்னேற்றம். எனினும் அக்காலத் தமிழ் எழுத்திலும் எகர ஏகாரங்களுக்குத் தெளிவான வேறுபாடு இல்லை. கெடு, கேடு என்பவற்றை இடம் நோக்கியே படிக்க வேண்டும். வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே, எழுத்து மட்டும் ஒலிக்கு ஆசிரியன் ஆகாது.

செவியும் தவறாத ஆசிரியன் அன்று. துறைமுகங்களின் வழியே தமிழில் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைப் பாருங்கள்: மேசை, சாவி, பீப்பாய், அலமாரி, சப்பாத்து. மூலமொழியில் எந்த அசையை அழுத்திச் சொல்வார்களோ, அந்த அசையே தமிழில் நெடிலாகியிருக்கிறது. அழுத்தம் பெற்ற உயிர் உரத்தும் சற்று நீண்டும் ஒலிக்கும். அந்த நீட்சியை நம் செவி நெடில் என்று கொண்டது.

ஸ்பானிய மொழி கற்கும் தமிழ் மாணவர் இதை நினைவிற்கொள்வது நலம். அம்மொழியின் ஐந்து உயிர்களும் நமக்கு எளியவை. ஆங்கிலம் பேசுவோர் ஓகாரத்தை 'ஓஉ' என்று குழைத்துத் தடுமாறுவர். நமக்கு அந்த இடர் இல்லை. நம் இடர் அழுத்தத்தில் உள்ளது. தென் அமெரிக்க ஸ்பானிய மொழியில் 'பப்பா' என்பதன் முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு. இரண்டாம் அசையை அழுத்தினால் அப்பா!

முப்பது நாளில் அயல்மொழி கற்பிப்பதாகக் கூறும் கையேடுகள் பல, சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவதோடு நின்றுவிடுகின்றன. அழுத்தம் விழும் அசைக்கு மேல் ஒரு சிறு கோடு இட்டால் போதும். ஒரு கோட்டின் செலவு பெரிதா, தந்தையைக் கிழங்காக்கும் பிழை பெரிதா?