வாடை எத்திசைக் காற்று?

கடற்கரையற்ற கொங்கு நாட்டிலிருந்து கடல் சார்ந்த நாவலை வாசிப்போருக்கு ஓர் இடர் உண்டு. சொல் அறிமுகமானதாயிருக்கும், காற்று அறிமுகமாயிராது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நாவலைக் கோவையில் முதன்முறை வாசித்தபோது நமக்கு நேர்ந்தது இதுவே. தலைப்பைக் கண்டதும் நெடுநல்வாடை நினைவில் எழுந்தது. வாடையென்றால் கூதிர், பிரிவு, தனிமை. ஆகவே நாவலில் வரும் காதலின் குறியீடாக மட்டுமே அச்சொல்லைக் கொண்டோம். அது குறைவாசிப்பு என்றே இன்று கருதுகிறோம்.

கிழக்கிற்குக் கொண்டல், தெற்கிற்குத் தென்றல், மேற்கிற்குக் கோடை, வடக்கிற்கு வாடை என்பது ஏட்டு மரபு. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளியின் வழக்கு இத்தனை நேர்க்கோடானதன்று. வடகிழக்கிலிருந்து வீசும் பருவக்காற்று அவருக்கு வாடை. தென்மேற்கிலிருந்து வருவது சோழகம். எந்தக் கரை கொந்தளிக்கும், எங்கே வள்ளம் இறக்கலாம், எப்போது வாடியமைக்கலாம் என்பனவெல்லாம் இவ்விரு சொற்களுக்குள் அடங்கும். குறித்த காலம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அறபுச் சொல், கடலோடிகளின் வாயில் காற்றின் பருவத்தைக் குறித்து, போர்த்துக்கேயர் வழியே ஐரோப்பாவில் ‘மான்சூன்’ ஆனதும் இவ்வாறே. பாய்மரம் விரித்தோருக்குத் திசையைப் போலவே தவணையும் முதன்மையானது.

இப்பொருளில் வாசித்தால் நெடுந்தீவுக் கதை வேறாகத் தெரிகிறது. பருவத்திற்கென வந்து கரையில் வாடியமைக்கும் மீனவர்களும் தீவின் குடும்பங்களும் எதிர்ப்படுவதே கதைக்களம். அவர்களை அங்கே கொணர்வது அக்காற்று. அது ஓய்ந்தால் அவர்கள் தங்கவும் காரணமில்லை. காதலுக்கும் பகைக்கும் கெடு விதிப்பது வாடைதான். ஆசிரியர் புவியியல் பயின்றவர் என்பது தற்செயலன்று. 1978இல் திரைப்படமாகவும் வந்த இக்கதையைக் காதற்கதையென்று மட்டும் சொல்லி நிறுத்துவோர் தலைப்பைப் படிக்காதவர்களே.

நமக்கு இது புரியாத ஒன்றுமன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மேல்காற்று, மலையாளக் கரையில் பெருமழை. பல்லடத்திலும் உடுமலையிலும் தூறலோடு காற்றாலைகளைச் சுழற்றும் வேகம். ஒரே காற்றுதான். பல்லடத்து உழவரிடம் மேல்காற்றுக்குப் பொருள் கேட்டால் அவர் மேற்கைக் காட்டிவிட்டு நிறுத்தமாட்டார். ஆடி மாதத்தைச் சொல்வார், மழை மறைவைச் சொல்வார். வட்டாரச் சொல்லுக்கு ‘வாடை – வடகாற்று’ என ஒற்றைச் சொல்லில் பொருளெழுதும் பதிப்பாளர்கள், இனியேனும் மாதத்தையும் கரையையும் சேர்த்தெழுதலாம்.