மின்னலும் காற்றும்: பகைவர்களா, பணியாளர்களா?

காற்றும் மின்னலும் ஒரே முகிலில் தோன்றுபவை. எனினும் தொன்மங்களிலும் இலக்கியங்களிலும் அவை ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரு வல்லமைகளாகக் காட்டப்படுவதுண்டு. மனிதன் தான் கண்டு அஞ்சிய இருவகை அதிகாரங்களை அவற்றின்மேல் ஏற்றிக் கூறியிருக்கிறான் என்பது நம் கருத்து. மின்னல் ஓரிடத்தில், ஒரு நொடியில், ஒருவர்மேல் விழுவது. அது தண்டிக்கும் அரசனின் கை. காற்று எங்கும் பரந்து எந்நேரமும் இயங்குவது. அது உயிரைத் தாங்கும் மூச்சு. அடிக்கும் அதிகாரத்திற்கும் தாங்கும் அதிகாரத்திற்கும் இடையே எழும் வழக்கே இக்கதைகளின் உட்பொருள்.

இவ்வழக்கை வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டம், ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகம், திருமறையின் யோபு நூலும் எலியாவின் வரலாறும் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வோம். புயல் ஓய்ந்த ஊரிலும், இடி விழுந்து ஒருவர் மாண்ட வீட்டிலும் நின்று பேசக் கடமைப்பட்டவர்கள் நாம். ஆதலின் இவ்வாய்வு நமக்கு வெறும் இலக்கிய இன்பம் அன்று.

1. வாயுவும் இந்திரனும்

இருக்கு வேதத்தில் இந்திரனும் வாயுவும் சேர்ந்தே சோம பானத்திற்கு அழைக்கப்படுகின்றனர். புயலின் தேவர்களான மருத்துக்கள் இந்திரனின் படைத்துணைவர்கள். எனினும் முதல் மண்டலத்தின் 165, 170 ஆம் பாடல்களில் இந்திரனுக்கும் மருத்துக்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு உரையாடலாக அமைந்துள்ளது. தோழமைக்குள்ளேயே போட்டி இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

காற்றுக்கும் மின்னலுக்கும் உள்ள பகை முழுக்கதையாக விரிவது உத்தர காண்டத்தில், அகத்தியர் இராமனுக்குக் கூறும் அனுமனின் பிறப்பு வரலாற்றிலாகும். அஞ்சனையின் மகனும் வாயுவின் மைந்தனுமாகிய குழந்தை, உதிக்கும் கதிரவனைக் கனியென்று எண்ணி வானில் தாவுகிறது. வாயு அதனைத் தொடர்ந்து சென்று, வெப்பம் சுடாதபடி பனிக்குளிர்ச்சியோடு வீசிக் காக்கிறான். அந்நாளில் கதிரவனைப் பற்றும் உரிமை தன்னுடையது என்று இராகு இந்திரனிடம் முறையிடுகிறான். இந்திரன் ஐராவதத்தின்மேல் வந்து, வச்சிரப் படையால் குழந்தையை அடிக்கிறான். குழந்தை மலைமேல் விழுந்து, அதன் இடது தாடை முறிகிறது.

அடுத்து வாயு செய்வது கருதத்தக்கது. அவன் இந்திரனோடு போர் தொடுக்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு குகைக்குள் புகுந்து, தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்கிறான். உயிர்களின் மூச்சு அடைபடுகிறது. உடல்கள் கட்டைபோல் விறைக்கின்றன. தேவர்களும் வயிறு வீங்கி வருந்திப் பிரமனிடம் ஓடுகின்றனர். பிரமன் குகைக்கு வந்து குழந்தையைத் தொட, அது உயிர்பெறுகிறது. காற்று மீண்டும் இயங்குகிறது. தேவர்கள் ஒவ்வொருவரும் வரம் ஈகின்றனர். தன் வச்சிரத்தால் இனி அவனுக்குச் சாவில்லை என்று இந்திரனும் வரமளித்து, முறிந்த தாடையைக் கொண்டு அனுமன் என்னும் பெயரையும் சூட்டுகிறான்.

இக்கதையின் நுட்பத்தை நாம் மனமுவந்து பாராட்ட வேண்டும். மின்னலை ஏந்தி அரியணையில் இருப்பவனும் காற்றின் தயவால்தான் மூச்சுவிடுகிறான் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது. அடித்தவன் வலியவனாகத் தோன்றினான். ஆனால் தாங்கியவன் கையை விலக்கியதும் உலகமே நின்றுவிட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் உழைப்பை நிறுத்தும்போது நிகழ்வதும் இதுவே என்று கூறுவோர் உண்டு. அது பொருந்தாத ஒப்புமை அன்று.

எனினும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, வாயுவின் துயரத்திற்கு விலை கொடுத்தவர் யார்? அந்த அடியில் எவ்விதப் பங்கும் இல்லாத எல்லா உயிர்களுமே. மைந்தனை இழந்த தந்தையின் அழுகை நியாயமானது. அதன் விளைவோ குற்றமற்றவர்மேல் விழுகிறது. தாங்கும் அதிகாரமும் புண்பட்டால் கொல்லும் அதிகாரமாகிறது. இரண்டாவது, அந்த அடி நீதியானதா என்று கதையில் எவரும் கேட்கவில்லை. இழப்பீடாக வரங்கள் குவிகின்றன. வச்சிரமோ இந்திரன் கையிலேயே இருக்கிறது. அமைதி திரும்புகிறது, வழக்கு தீரவில்லை.

2. லியர் அரசன்

ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1606 இல் எழுதிய இந்நாடகத்தில் தேவர்கள் மேடைக்கு வருவதில்லை. தன் நாட்டை மகளிர் இருவருக்குப் பகிர்ந்தளித்த முதியவன், அவர்களாலேயே கைவிடப்பட்டு, புயலில் வெளியே நிற்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவன் காற்றையும் மின்னலையும் விளித்துப் பேசுகிறான். அவனுடைய பேச்சு மூன்று நிலைகளைக் கடப்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

முதலில் அவன் அவற்றுக்குக் கட்டளையிடுகிறான். நன்றிகெட்ட உலகை அழிக்கும்படி அழைக்கிறான். அடுத்து, அவை தன் மக்கள் அல்ல, அவற்றுக்குத் தான் நாடு எதையும் கொடுக்கவில்லை, ஆகவே அவற்றின்மேல் தனக்குக் குறையில்லை என்கிறான். உடனே மனம் மாறி, நரைத்த தலைக்கு எதிராக மகளிரோடு கூட்டுச் சேர்ந்த அடிமை ஏவலர் என்று அவற்றைப் பழிக்கிறான். துன்பப்படுகிறவன் இயற்கையை நீதிபதியாக்குகிறான், அயலானாக்குகிறான், பகைவனாக்குகிறான். எதிலும் நிலைகொள்ள முடிவதில்லை. காற்றும் மின்னலுமோ எதற்கும் மறுமொழி கூறாமல் தம் வழியில் செல்கின்றன.

மாறுதல் வேறிடத்தில் நிகழ்கிறது. குடிசை வாயிலில் நின்று, கூரையற்ற ஏழைகள் இத்தகைய இரவுகளை எவ்வாறு கழிக்கின்றனர் என்று அவன் எண்ணுகிறான். தான் அரசனாயிருந்தபோது அவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே கவலைகொண்டதாகத் தன்னையே கடிந்துகொள்கிறான். பின்னர், பித்தனாக வேடமிட்டு நிற்கும் எட்கரை ஞானி என்று எண்ணி, இடியின் காரணம் யாது என்று வினவுகிறான். அவ்வினாவுக்கு நாடகத்தில் விடையில்லை. அருகில் நிற்கும் கெண்டு, அழைப்பை ஏற்று வீட்டுக்குள் செல்லுமாறு வேண்டுகிறான். இடியின் காரணத்தைக் கேட்டவனுக்குக் கிடைத்தது ஒரு கூரையின் அழைப்பு. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. யோபின் இரு தூதர்கள்

யோபு நூலின் முதல் அதிகாரத்தில் மின்னலும் காற்றும் ஒரே நாளில் வருகின்றன. வானத்திலிருந்து விழுந்த தேவ அக்கினி ஆடுகளையும் மேய்ப்பர்களையும் எரித்ததாக ஒருவன் அறிவிக்கிறான். வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டின் நான்கு மூலையிலும் மோதிப் பிள்ளைகளைக் கொன்றதாக மற்றொருவன் அறிவிக்கிறான் (1:16, 19). இங்கே அவை பகைவர்கள் அல்ல. எதிலிருந்தும் எது தப்புவிக்கவில்லை. மின்னலின் அடிக்குக் காற்றிடம் அடைக்கலம் தேடும் வழி யோபுக்கு அடைபட்டுவிட்டது.

நண்பர்கள் வருகின்றனர். பிள்ளைகள் பாவம் செய்திருப்பர், அதன் பலனையே அடைந்தனர் என்னும் கருத்தைப் பில்தாத்து முன்வைக்கிறான் (8:4). அவனுடைய இறையியலில் புயலுக்கு ஒரே பொருள்தான் உண்டு, அது தண்டனை. இறுதியில் ஆண்டவர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார் (38:1). பிள்ளைகளைக் கொன்ற காற்றுக்கு வழங்கும் எபிரெயச் சொல் ‘ரூவாக்’. 38 ஆம் அதிகாரத்தில் வருவது ‘செஆரா’. சொல் வேறாதலின் இரண்டும் ஒன்றே என்று நாம் வாதிடுவதற்கில்லை. ஆயினும், புயலில் பிள்ளைகளை இழந்தவனிடம் புயலிலிருந்தே குரல் எழுவதை எந்த வாசகரும் உணராதிரார்.

அக்குரல் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மின்னல்களை அனுப்ப உன்னால் கூடுமோ என்று கேட்கிறது (38:35). மனிதர் ஒருவரும் இல்லாத வனாந்தரத்திலும் மழை பொழியச் செய்பவர் யார் என்றும் கேட்கிறது (38:26). இவ்வினாவின் ஆழத்தை நம் விரிவுரையாளர்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. ஆளில்லாத இடத்தில் பெய்யும் மழை யாருக்கும் பரிசன்று, யாருக்கும் தண்டனையுமன்று. அவ்வாறாயின் வானத்தில் நிகழ்வன அனைத்தும் மனிதனை நோக்கி எழுதப்பட்ட மடல்கள் என்னும் நண்பர்களின் அடிப்படையே தகர்கிறது. அந்நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று ஆண்டவரே தீர்ப்புரைக்கிறார் (42:7).

4. ஓரேபைப் பற்றிய ஓர் எளிய அருளுரை

1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தைக் கொண்டு வழக்கமாக ஓர் அருளுரை நிகழ்த்தப்படுகிறது. பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் அக்கினியிலும் ஆண்டவர் இல்லை. மெல்லிய குரலில் இருக்கிறார். ஆகவே கடவுள் வன்மையானவர் அல்லர், மென்மையானவர் என்பது அதன் சுருக்கம். இது பாதி உண்மையே.

அம்மெல்லிய குரலுக்குப் பின் கூறப்பட்டது என்ன? ஆசகேலையும் யெகூவையும் அரசராகவும் எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் செய்யும்படி எலியா ஏவப்படுகிறார். வாளைப் பற்றிய செய்தி அதனோடு சேர்ந்தே வருகிறது (19:15-17). மென்மையான ஒலியில் கடினமான பணி. ஆகவே இப்பகுதி வன்மைக்கும் மென்மைக்கும் இடையே நடக்கும் போட்டி அன்று.

முந்திய அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால் இதன் பொருள் விளங்கும். கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி விழுந்தது (18:38). பின்பு கார்முகிலும் காற்றும் பெருமழையும் வந்தன (18:45). பாகால் புயலுக்குரிய தேவன். 1929 முதல் சிரியக் கடற்கரையின் ராஸ் ஷாம்ராவில் நடந்த அகழாய்வுகள் இதனை நமக்கு விளக்கியுள்ளன. அங்குக் கிடைத்த ஏடுகள் பாகாலை முகில்களின்மேல் ஏறிச் செல்பவன் என்று அழைக்கின்றன. பாகாலின் ஆயுதங்களாலேயே பாகால் தோற்கடிக்கப்பட்டான் என்று எலியா மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அவ்வெற்றியால் யேசபேலின் உள்ளம் மாறவில்லை. ஓரேபில் அதே காற்றும் அதே அக்கினியும் அவருக்கு முன்பாகக் கடந்துபோகின்றன. அவற்றில் ஆண்டவர் இல்லை. அவர் அவற்றை ஏவலாம். அவர் அவற்றுக்குள் அடங்கியவர் அல்லர். காற்றும் அக்கினியும் அவருடைய பணியாளர்கள் என்று 104 ஆம் சங்கீதமும் கூறுகிறது. பணியாளர்களுக்குள் அரியணைப் போட்டி இல்லை.

5. நமது பொறுப்பு

இங்கே ஒரு தடை எழும். புயலும் இடியும் தீர்ப்பின் கருவிகளாக வரும் பகுதிகள் திருமறையில் இல்லையா? உண்டு. எகிப்தின்மேல் இடியும் கல்மழையும் வந்தன. சாமுவேலின் நாளிலும் இடி முழங்கியது. ஆனால் அவ்விடங்களில் அழைக்கப்பட்ட ஒருவரின் வாயில் இறைவார்த்தை முன்னதாக வந்தது. அடையாளம் அதனைப் பின்தொடர்ந்தது. வார்த்தை இல்லாத இடத்தில் அடையாளத்திற்குப் பொருள் கூற நமக்கு அதிகாரம் இல்லை. எலியாவைப்போல் வானத்து அக்கினியை வருவிக்க விரும்பிய யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அதட்டினார் (லூக்கா 9:54-55). சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றும் அவரே கூறினார் (லூக்கா 13:4-5).

மின்னல் எவ்வாறு தோன்றுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். மேலெழும் காற்று முகிலுக்குள் பனித்துகள்களை மோதச் செய்கிறது. அம்மோதலால் மின்னூட்டங்கள் பிரிந்து மின்னல் பிறக்கிறது. கதைகளில் மின்னலுக்குப் பகைவனாய் நின்ற காற்று, முகிலில் அதனைப் பெற்றெடுக்கும் தாயாக இருக்கிறது. நம் நாட்டில் மின்னலால் ஆண்டுதோறும் 2,000 பேருக்கும் மேல் இறப்பதாக அரசின் குற்றப் பதிவுக் கணக்குகள் காட்டுகின்றன. அவர்களுள் மிகுதியானோர் வயலில் வேலை செய்பவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களும். மின்னல் பாவிகளைத் தேடி விழுவதில்லை. கூரையில்லாத இடத்தில் நிற்பவர்கள்மேல் விழுகிறது. யோபின் மேய்ப்பர்கள் மாண்டதும் இவ்வாறே.

ஆகவே இழவு வீட்டில் பில்தாத்தின் அருளுரை நம் வாயிலிருந்து வரலாகாது. வாயுவைப்போல் துயரத்தில் உலகையே அடைத்துக்கொள்ள விரும்பும் தந்தையின் அழுகைக்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். இந்திரனைப்போல் வரங்களை அளித்து வழக்கை முடித்துவிட்டதாக எண்ணுதலும் ஆகாது. யோபின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல ஆயர்களாகவே இருந்தனர். அதன்பின் லியரின் வினாவுக்குக் கெண்டு அளித்த மறுமொழியே நம்முடையதாகட்டும். இடியின் காரணத்தை விளக்குமுன், மழையில் நிற்பவரை வீட்டுக்குள் அழைப்போம். வயலில் வேலை செய்வோர் கருமுகில் திரளும்போது ஒதுங்கி நிற்க ஓர் உறுதியான கூரை ஊரில் உண்டா என்று சபையாரோடு சேர்ந்து பார்ப்போம். ஆலயக் கதவு அந்நேரத்தில் திறந்திருக்கிறதா என்பதும் நம் இறையியலைச் சேர்ந்த வினாவே.