கிரிஷிமா வராத படம்

'கிரிஷிமா கிளப்பை விட்டுட்டானாம்'. 2012-இல் வந்த ஒரு ஜப்பானியப் படத்தின் தலைப்பைத் தமிழில் ஏறக்குறைய இப்படித்தான் சொல்ல முடியும். அசாய் ரியோ கல்லூரியில் படிக்கும்போதே எழுதிய முதல் நாவலை வைத்து யோஷிதா தாய்ஹாச்சி இயக்கியது. அடுத்த வருஷம் ஜப்பான் அகாடமியின் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டு விருதும் இதுக்குத்தான். கதையைச் சொல்லாமல் எழுத முடியாது. ஆனா கெட்டுப்போறதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. கிரிஷிமா கடைசிவரை வரமாட்டான், அவ்வளவுதான்.

ஒரு உயர்நிலைப் பள்ளி. வாலிபால் அணித் தலைவன் கிரிஷிமா, படிப்பிலும் கெட்டி, எல்லாருக்கும் பிடித்தவன். ஒரு வெள்ளிக்கிழமை அவன் கிளப்பை விட்டுட்டான்னு செய்தி பரவுது. ஏன்னு அவனோட காதலிக்கும் தெரியாது, நெருங்கிய நண்பன் ஹிரோகிக்கும் தெரியாது. அந்த ஒரே வெள்ளிக்கிழமையை வேற வேற மாணவர்களின் கண் வழியாகப் படம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் 'ஸ்கூல் காஸ்ட்' படம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் யார் மேலே, யார் கீழே என்பதற்கு ஜப்பானில் புழங்கும் சொல் அது. (நம்ம ஊர்ல உட்கார்ந்துகிட்டு அந்தச் சொல்லை இவ்வளவு லேசா பயன்படுத்த எனக்குக் கூசுது.) அந்த அடுக்கு படத்தில் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா படம் கேட்கிற கேள்வி வேறன்னு நினைக்கிறேன். எதுவும் கிடைக்கப்போறதில்லன்னு தெரிஞ்ச ஒன்றை ஒருத்தன் ஏன் தினமும் செய்யணும்?

இது புரிய அங்குள்ள பள்ளி கிளப் முறை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். 'புகாட்ஸு' என்பார்கள். நாம் படித்த காலத்து என்.எஸ்.எஸ். மாதிரி சர்டிபிகேட்டுக்காகச் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு கேம்ப் போற விஷயம் இல்ல. வாலிபாலோ பிராஸ் பேண்டோ சினிமாவோ, ஒன்றில் சேர்ந்தால் வழக்கமாக மூணு வருஷமும் அதேதான், பள்ளி விட்ட பிறகு ஏறக்குறைய தினமும். மாணவர் தானாக விரும்பிச் சேர்வது என்றுதான் கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் எதிலும் சேராதவர்களுக்கு 'வீட்டுக்குப் போகும் கிளப்' என்று பெயரே உண்டு. பெயருக்குச் சேர்ந்துவிட்டு வராதவன் 'பேய் உறுப்பினர்'. சேராமல் இருப்பதையும் ஒரு கிளப்பாக ஆக்கிவிட்ட ஊர் அது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான பள்ளிப் போட்டிகள் நாக்-அவுட். கோடைகால கோஷியென் பேஸ்பால் போட்டிக்கு இந்தப் படம் வந்த சமயத்தில் சுமார் 4,000 பள்ளிகள் மோதின, தேசிய சுற்றுக்குப் போவது 49. நாக்-அவுட் என்றால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் மேட்சே கடைசி மேட்ச். ஒரே ஒரு அணியைத் தவிர எல்லாரும் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகணும். வருஷம் முழுக்க வெயிலில் காய்ந்து கடைசியில் தோற்கிறதுக்கென்றே கட்டின சிஸ்டம் மாதிரி இருக்கு.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் இங்கேதான் வருகிறது. பேஸ்பால் அணித் தலைவன், மூன்றாம் வருஷம். மூன்றாம் வருஷப் பசங்க கோடைப் போட்டி முடிஞ்சதும் கிளப்பிலிருந்து ஒதுங்கி நுழைவுத்தேர்வுக்குப் படிக்கப் போவதுதான் வழக்கம். இவன் போகல. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கிற டிராப்ட் முடியட்டும்னு இன்னும் ராத்திரியில் தனியாக மட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். உன்னைப் பார்க்க ஸ்கவுட் யாராவது வந்தாங்களான்னு ஹிரோகி கேட்கிறான். வரல. அதை அவன் சொல்லும் விதத்தில் வருத்தமும் இல்ல, வீம்பும் இல்ல. மழை வரலன்னு சொல்ற மாதிரி சொல்றான். மொத்தமா சில நிமிஷம்தான் வருகிறான், ஆனா படத்தோட எடை அவன்மேலதான் நிற்குது.

கேட்கிற ஹிரோகி அதே பேஸ்பால் கிளப்பின் பேய் உறுப்பினர். எந்த விளையாட்டைத் தொட்டாலும் வந்துவிடும் வகை. அவனும் நண்பர்களும் சாயங்காலம் பள்ளிக்குப் பின்னால் கூடைப்பந்து விளையாடுவார்கள். கிரிஷிமா காணாமல் போனதும் ஒருத்தன் நின்று கேட்கிறான், நாம ஏன் இதை விளையாடிக்கிட்டு இருக்கோம்? கிரிஷிமாவோட பயிற்சி முடியிறவரை பொழுது போக்கத்தான். இப்ப அவன் இல்ல. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நிற்கிற அந்த இடம் சின்னதுதான், ஆனால் கிரிஷிமாவை ஏன் காட்டவில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

எதிர்ப்பக்கம் சினிமா கிளப்பின் மாயேதா. எல்லாரும் சிரிக்கிற பையன். பொறுப்பாசிரியர் உங்க வயசுக்கு ஏத்த காதல் கதையை எடுங்க என்கிறார். இவன் கேட்காமல் 8 மி.மீ. கேமராவில் ஜாம்பி படம் எடுக்கிறான். கிரிஷிமா மாடியில் இருக்கான்னு கேள்விப்பட்டு எல்லாரும் ஓடிவந்து இவன் ஷூட்டிங்கைக் கலைக்கிறார்கள். கீழே பிராஸ் பேண்ட் வாக்னரின் லோஹென்கிரின் வாசிக்க, மேலே ஜாம்பிகள் வாலிபால் பையன்களைக் கடிக்கிற காட்சி படத்தின் உச்சம். ஆனால் அதற்குப் பிறகு வரும் அமைதியான பேச்சுதான் முக்கியம். ஹிரோகி அந்தக் கேமராவை வாங்கி விளையாட்டாகப் பேட்டி எடுக்கிறான், டைரக்டர் ஆவியா என்று. முடியாதுன்னு மாயேதா யோசிக்காமல் சொல்லிவிடுகிறான். தனக்குப் பிடித்த படங்களோடு தானும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி எப்பவாவது தோணும், அதுக்காகத்தான் எடுக்கிறேன் என்கிறான். பிறகு கேமரா ஹிரோகி பக்கம் திரும்புகிறது. எல்லாம் கைவந்த அந்தப் பையன் அழுகிறான்.

இவ்வளவு பிடித்தாலும் எனக்கு ஒரு குறை இருக்கு. சினிமா கிளப் ஆசிரியரைத் தவிரப் பெரியவர்கள் யாரும் மனசில் நிற்பதில்லை. கிரிஷிமாவுக்குப் பதிலாக ஆட வந்த குட்டையான பையனை, தோற்ற ஆத்திரத்தில் சக ஆட்டக்காரன் பந்தாலேயே வதைக்கிறான். பசங்களுக்குள் நடக்கும் சண்டையாகவே படம் அதை விட்டுவிடுகிறது. படம் ஆகஸ்டில் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஒசாகாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணித் தலைவன், பயிற்சி கொடுத்த ஆசிரியர் தொடர்ந்து அடித்த பிறகு தற்கொலை செய்துகொண்டான். நாடே அதைப் பேசியது. முன்பே வந்த படத்தை அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சம்பவம் தெரிந்தபின் இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தப் பயிற்சிக் காட்சி உறுத்துகிறது. யார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது?

ஆசிரியர்கள் கதையும் லேசு இல்ல. 2018-இல் ஓ.இ.சி.டி. எடுத்த கணக்கில் ஜப்பானின் ஜூனியர் ஹைஸ்கூல் ஆசிரியர் வாரம் 56 மணி நேரம் வேலை செய்கிறார், அதில் 7.5 மணி கிளப் மாதிரியான செயல்பாடுகளுக்கே. கலந்துகொண்ட நாடுகளின் சராசரி 1.9 மணி. வாரத்தில் இரண்டு நாளாவது கிளப்புக்கு விடுமுறை விடுங்கள் என்று அரசே அதே 2018-இல் வழிகாட்டுதல் போட வேண்டி வந்தது. அந்தச் சோர்ந்த ஆசிரியர் இந்தப் படத்தில் வரவே இல்லை. வந்திருந்தால் பேஸ்பால் தலைவனின் ராத்திரிப் பயிற்சி எனக்கு இவ்வளவு அழகாகத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

கடைசியில் ஹிரோகி கிரிஷிமாவுக்கு போன் போட்டபடி நிற்கிறான். எதிரே மைதானத்தில் பேஸ்பால் பசங்க பயிற்சியில் இருக்கிறார்கள். இறங்கிப் போவானா என்று தெரிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. என் மனைவி போவான் என்கிறாள், எனக்கு அப்படித் தோணல.