ஆபத்து முடிந்துவிட்டதா? உடல்வழி உளசிகிச்சை பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச நாளாக உடல்வழி உளசிகிச்சை பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘பாடி சைக்கோதெரபி’ என்று சொல்வார்கள். மனக்காயத்தைப் பேச்சால் மட்டும் ஆற்றப் பார்க்காமல் மூச்சு, தசை, நடுக்கம், வயிற்று இறுக்கம் இவற்றின் வழியாக அணுகும் முறை. இதில் பாதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகப் படுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான மண்ணில் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை நன்றாகத் தெரிகிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிராய்டின் வட்டத்தில் இருந்த வில்ஹெல்ம் ரைக், அடக்கிவைத்த பயமும் ஆத்திரமும் தசைகளில் கவசம்போல இறுகிவிடுகின்றன என்றார். அவருடைய முக்கியமான புத்தகம் 1933-இல் வந்தது. கடைசிக் காலத்தில் அவர் ‘ஆர்கோன்’ சக்தி, அதைச் சேமிக்கும் பெட்டி என்றெல்லாம் போய், அமெரிக்கச் சிறையில் 1957-இல் இறந்தார். ஆனால் அந்த முதல் யோசனை பிழைத்துக்கொண்டது. அவருடைய மாணவர் அலெக்சாண்டர் லோவன் அதை எடுத்து வளர்த்தார். பிறகு பீட்டர் லெவின் ‘சோமாடிக் எக்ஸ்பீரியன்ஸிங்’ என்ற முறையைக் கொண்டுவந்தார். புலியிடம் தப்பித்த மான் உடம்பை உதறி நடுங்கிவிட்டு மறுபடி மேயப் போய்விடுகிறது, மனிதனோ அந்த நடுக்கத்தை அடக்கிக்கொள்கிறான், முடியாமல் நின்ற அந்த ஓட்டம் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது லெவின் சொல்லும் விளக்கம். 2014-இல் பெசல் வான் டெர் கோக் எழுதிய புத்தகம் இந்தச் சிந்தனையை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எனக்குப் பிடித்த பாதியைச் சொல்கிறேன். நம்ம ஆட்கள் துக்கத்தையும் பயத்தையும் உடம்பை வைத்துத்தான் சொல்கிறார்கள். ‘வயித்துல புளியக் கரைக்குது’, ‘ஈரக்குலையே நடுங்கிடுச்சு’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘கை கால் ஓடல’. மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கேட்டால், ‘மனசு சரியில்ல’ என்று ஆரம்பிப்பவர்கள் குறைவு. ‘உடம்பெல்லாம் வலிக்குது’ என்றுதான் பேச்சு தொடங்கும். பழைய உளவியல் நூல்களில் இது ஒரு குறையாகவே பேசப்பட்டது: உணர்ச்சியைச் சொல்லத் தெரியாதவர்கள் அதை உடல்நோயாக மாற்றிச் சொல்கிறார்களாம். உடல்வழி சிகிச்சையாளர் அப்படி நினைப்பதில்லை. ‘வயித்துல என்ன பண்ணுது, சொல்லுங்க’ என்று அங்கிருந்தே தொடங்குகிறார். தமிழில் பேசுகிற ஒருவருக்கு இது எவ்வளவு இயல்பான வாசல் என்று யோசித்துப் பாருங்கள். நடந்ததை எல்லாம் திரும்பக் கதையாகச் சொல்லு என்று வற்புறுத்துவதும் இல்லை. அது பெரிய கருணை.

இந்த முறை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தென்னிந்தியக் கடற்கரையில் மீனவ மக்களிடையே ராஜா செல்வம் என்ற உடல்வழி சிகிச்சையாளரின் குழு வேலை செய்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2008-இல் வெளியானது. 150 பேர், ஆளுக்கு ஒரு அமர்வு. எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் சொன்னதாகக் கட்டுரை தெரிவிக்கிறது.

எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. பேரிடருக்குப் பிறகு முதல் வருஷத்தில் நிறையப் பேர் தானாகவே தேறிவிடுகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். மறுபடி கடலுக்குப் போனது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, பக்கத்து வீட்டு அக்கா வந்து கூட உட்கார்ந்தது, இதெல்லாமும் அந்த எட்டு மாதத்துக்குள்தான் நடந்திருக்கும். எது ஆற்றியது என்று அந்த 90-ஐ வைத்துச் சொல்ல முடியாது. 2017-இல் இஸ்ரேலில் 63 பேரை வைத்து, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு இதைவிட உறுதியானது. அதில் பலன் தெரிந்தது. ஆனால் 63 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆக, ‘வேலை செய்யலாம், இன்னும் பார்க்க வேண்டும்’ என்ற இடத்தில்தான் இந்த முறை இன்றைக்கு நிற்கிறது.

ஆனால் ஆதாரம் போதாது என்பது மட்டும் என் விமர்சனம் இல்லை. அதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்லும் ஓட்டை அந்த மான் கதையிலேயே இருக்கிறது. புலி போய்விட்டது, மான் இன்னும் நடுங்குகிறது, அதனால் உடம்புக்கு ‘ஆபத்து முடிந்தது’ என்று புரியவைக்க வேண்டும் என்கிறது கதை. இந்த முறை முழுவதும் ‘முடிந்தது’ என்ற அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. கடலூரில் அது முடிந்ததா?

சுனாமிக்கு ஏழு வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் இதே கரையில் ஏறியது. 2015-இல் பெருவெள்ளம். டிசம்பர் வந்தாலே ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால், அதைப் பழைய காயத்தின் எதிரொலி என்று மட்டும் எப்படிச் சொல்வது? அந்த நெஞ்சுக்கு நாள்காட்டி தெரிந்திருக்கிறது.

இன்னும் தெளிவான உதாரணம் சிப்காட். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் வரிசையாக ரசாயன ஆலைகள். பேருந்தில் போகிறவர்கள் ஐந்து நிமிஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடலாம். அங்கேயே குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தலைவலி, கண்ணெரிச்சல், குமட்டல் என்று ரொம்ப காலம் சொல்லிப் பார்த்தார்கள். ‘எல்லாம் உங்க நினைப்பு’ என்பது இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் கிடைக்கிற பதில்.

2004-இல், சுனாமி வந்த அதே வருஷம், சுற்றியிருந்த கிராம மக்கள் சிலர் பயிற்சி பெற்று ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்ற பெயரில் இறங்கினார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கம், உடம்பு என்ன செய்தது என்று குறித்துவைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருஷமே வந்த அறிக்கையில் 22 நச்சு வேதிப்பொருட்கள் பட்டியலிடப்பட்டன. மூக்கு சொன்னது வெறும் நினைப்பு இல்லை.

இதுவும் உடல்வழி வேலைதான் என்று எனக்குப் படுகிறது. உடம்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று கூர்ந்து கவனி, அதை நம்பு, அதற்குப் பெயர் வை. சிகிச்சை அறையில் சொல்லித்தரும் அதே பயிற்சியைத்தான் இவர்களும் செய்தார்கள். வித்தியாசம் போன திசையில் இருக்கிறது. அறைக்குள் கவனிப்பது உடம்பை அமைதிப்படுத்துவதற்காக. குடிகாட்டில் கவனித்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கதவைத் தட்டுவதற்காக. அவர்களிடம் போய் ‘மூச்சை நிதானமா இழுத்து விடுங்க’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது என்ன சிகிச்சை? இழுக்கிற மூச்சிலேயே அல்லவா பிரச்சினை இருக்கிறது!

‘உன் உடம்பே உன் வீடு’ என்ற வாசகத்தோடு எனக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தமிழில் வீடு என்றால் விடுதலை என்றும் பொருள். அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வரும் வீடு அதுதான். நாம் வாசகத்தை அப்படியே மொழிபெயர்த்தால் ஏதோ ஒட்டவில்லை. சரி, குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொள்வோம். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அரசு கட்டித்தரும் புது வீடு வேண்டுமென்றால் அந்த எல்லைக்கு அப்பால் போயாக வேண்டும். அங்கேயே இருந்தால் பழைய வீட்டைத் தாங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். கடலின் நிறத்தையும் காற்றையும் வாசலிலிருந்தே பார்த்துத் தொழிலுக்குப் போகிறவருக்கு இது சாதாரணத் தேர்வு இல்லை. அவருடைய உடம்பின் நிம்மதி தோலோடு முடிவதில்லை. கடலும் படகும் வலையும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இந்த இடத்தில் ‘இதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சே’ என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். திருமூலர் உடம்பைக் கோயிலாகப் பார்த்தார், சிதம்பரம் கோபுரத்தில் 108 கரணங்கள் சிற்பமாக இருக்கின்றன, அந்தக் கோயிலே மனித உடம்பின் வடிவம் என்பார். மறுக்கவில்லை. உடம்பை இவ்வளவு உயரத்தில் வைத்த மரபுகள் உலகில் குறைவு. ஆனால் அதே சிதம்பரத்தில்தான் நந்தனாரின் கதையும் நடக்கிறது. ஆதனூரில் பிறந்து, நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று காத்திருந்தவர், தில்லைக்கு வந்தும் உள்ளே போக முடியாமல் ஊரைச் சுற்றி வருகிறார். பெரிய புராணத்தின்படி, நெருப்பில் இறங்கி வேறு உடம்போடு எழுந்த பிறகுதான் அவரால் உள்ளே போக முடிகிறது. பக்திக் கதையாக இதைக் கேட்டு உருகுகிறோம். உடம்பின் பக்கமிருந்து கேட்டுப் பாருங்கள். கோயிலே உடம்பு என்று சொல்லும் ஊரில், ஒருவருடைய உடம்பு அந்த உடம்பாகவே இருந்தால் வாசலைத் தாண்ட முடியாது. அவர் கூனிக் குறுகியதற்குக் காரணம் அவருடைய தசையில் இல்லை.

இதற்குச் சிதம்பரத்திலேயே ஒரு பதிலும் கிடைத்தது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரிலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். விடுதியும் வந்தது. உண்ண, உறங்க, உட்கார்ந்து படிக்க ஓர் இடம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1867-இல், வள்ளலார் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். பசி வந்தால் உடம்பும் அறிவும் மனமும் எப்படி ஒவ்வொன்றாகத் தளர்கின்றன என்று அவர் உரைநடையில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் தளர்ச்சிக்கு அவர் சொன்ன மருந்து சோறு. இருவரும் உளசிகிச்சையாளர்கள் இல்லை. ஆனால் ஓர் உடம்பு நிம்மதியாக இருக்க அதற்கு வெளியே என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள்.

அப்படியென்றால் இந்தச் சிகிச்சையே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். ஆபத்து உண்மையிலேயே முடிந்துபோனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடித்த கணவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் கதவு தட்டும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிற பெண்ணுக்கு, விபத்திலிருந்து தேறியும் வண்டியில் ஏற முடியாதவருக்கு, இது நல்ல உதவியாக இருக்கலாம். ஆபத்து தொடர்கிற இடத்திலும் ராத்திரி நாலு மணி நேரம் தூங்கவைத்தால் அதுவே பெரிய காரியம். தூங்கினால்தானே காலையில் மனு எழுத முடியும்!

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பேரிடருக்குப் பிறகு இந்தக் கரைக்கு வரும் குழு, ‘உடம்புல எங்க உணர்றீங்க’ என்று கேட்பதோடு, ‘இப்பவும் எதைப் பார்த்துப் பயப்படுறீங்க’ என்றும் கேட்கட்டும். பதில் கரையரிப்பு, ஆலைப் புகை, பக்கத்துத் தெருக்காரன் என்று வந்தால், அதை அறிகுறிப் பட்டியலில் போடாமல் தனியாக எழுதிவைத்து, உரிய அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத சிகிச்சை, சரியாக அடிக்கிற எச்சரிக்கை மணியைப் பழுது என்று சொல்லி நிறுத்திவிடும்.