ஆடை களையப்பட்டவர்கள்

பிரெடெரிக் வைஸ்மன் இயக்கிய ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ என்னும் ஆவணப்படம் 1967இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்னுமிடத்தில், குற்றத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மனநோயாளரை அடைத்து வைத்திருந்த அரசு மருத்துவமனையே அதன் களம். கறுப்பு வெள்ளையில் 84 நிமிடங்கள். வருணனைக் குரல் கிடையாது.

உண்ண மறுத்த முதியவர் ஒருவரை ஆடையின்றிக் கிடத்தி, மூக்கு வழியே குழாய் செலுத்தி உணவு ஊற்றுகிறார் மருத்துவர். அவர் வாயில் சிகரெட். சாம்பல் எப்போது உதிருமோ என்று நம் நெஞ்சு பதைக்கிறது. இடையிடையே, அதே முதியவரின் சடலத்துக்கு முகம் மழிப்பதும் கண்களில் பஞ்சு வைப்பதும் வந்து போகின்றன. உயிரோடிருந்தபோது மறுக்கப்பட்ட பரிவு பிணத்துக்குக் கிடைத்தது என்பது இயக்குநரின் குற்றச்சாட்டு. நியாயமானதே. ஆயினும் என் மனம் அவ்விடத்தில் ஒப்பவில்லை. ஒரு மனிதனின் மரணத்தைத் துண்டுகளாக்கி வாதத்துக்கு இடையே செருக வேண்டுமா? அந்தச் சாம்பல் ஒன்றே போதாதா? வைஸ்மனும் பின்னாளில் இப்படத்தொகுப்பு மிகையாகிவிட்டதென்றே கருதினார்.

மாநில அரசு வழக்காடியது. நோயாளரின் அந்தரங்கம் குலைந்தது என்பது அதன் முறையீடு. 1968இல் படச்சுருள்களை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. 1969இல் மேல்நீதிமன்றம் அதைத் தளர்த்தி, மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் போன்றோர் மட்டும் காணலாம் என்றது. பொதுமக்களுக்கு 1991இல்தான் வழி திறந்தது. ஆடையை உரிந்தவர்களே மானத்துக்குக் காவல் நின்ற விந்தை இது!

அரசின் வாதம் போலி என்பதால் இயக்குநரின் கடன் தீர்ந்துவிடாது. படமெடுக்க அனுமதி தந்தவர்கள் அதிகாரிகள். அடைபட்டவர்களுள் சிலர் கையெழுத்திட்டதும் உண்டு. திருமணத்துக்கு முன் மணமக்களைத் தனித்தனியே அமர்த்தி, “முழு மனத்துடன்தான் சம்மதிக்கிறாயா?” என்று கேட்பது எங்கள் பணி. அச்சமும் கட்டாயமும் கலந்த சம்மதம் சம்மதமாகாது. பூட்டிய கதவுக்குள் இடப்பட்ட கையெழுத்தை அந்த அளவுகோலால் அளந்தால் என்ன மிஞ்சும்?

இன்னொருவர் நினைவில் நிற்கிறார். அறை ஏன் அசுத்தமாயிருக்கிறது என்று காவலர் திரும்பத் திரும்பக் கேட்டுச் சீண்டுகின்றனர். ஆடையற்ற அவர் கத்துகிறார். வெற்றறையில் தரையை மிதித்து நடக்கிறார். பின்னர்தான் தெரிகிறது, அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது. கேட்கும்போது அமைதியாக விடை சொல்கிறார். கேமரா அங்கே அவசரமின்றி நிற்கிறது. படத்தை நான் மதிப்பது இந்த நிதானத்துக்காக.

சிலுவைப்பாதையின் பத்தாம் நிலையில், ஆடை களையப்பட்டவரை நாம் ஆண்டுதோறும் நோக்குகிறோம். ஆனால் முழந்தாளிட்டே நோக்குகிறோம். அந்த ஆசிரியர் காட்சியை இரண்டாம் முறை பார்த்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த நான் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.